ஆள் ஏறும் எந்திரத்துக்கு ஹோஸ் செய்வதில்லை

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கடையின் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. ‘ஆள் ஏறும் எந்திரத்துக்கு ஹோஸ் செய்வதில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். எழுதச் சொன்னது கடை முதலாளி, எழுதியது இவர். மண் தோண்டும் வண்டி, பாரம் தூக்கும் வண்டி, குப்பை லாரி, மரம் பிளக்கும் எந்திரம், எது வந்து நின்றாலும் கிழிந்த ஹோஸை வாங்கிப் பார்த்து அதே அளவில் புதிதாகச் செய்து கொடுத்துவிடுவார். தெரு விளக்குக்குப் பல்பு மாட்ட ஆளை மேலே தூக்குகிற வண்டி வந்தால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, வாயைத் திறக்காமல் பலகையைக் காட்டுவார். கெஞ்சுவார்கள். கண்டபடி ஏசுவார்கள். இவர் அசைந்து கொடுக்க மாட்டார்.

ஹோஸ் என்றதும் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய் என்று நினைத்துவிட வேண்டாம். தடித்த கறுப்பு ரப்பர், அதற்குள்ளே இரும்புக் கம்பி வலை, அதற்குள்ளே எண்ணெய். பம்பு அந்த எண்ணெயைத் தள்ளுகிற தள்ளில்தான் எந்திரத்தின் கை மேலே போகிறது. ஹோஸ் கிழிந்தால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும், தூக்கிய பாரம் தொப்பென்று கீழே வரும். ஹோஸின் இரண்டு முனையிலும் இரும்பு ஃபிட்டிங்கை மாட்டி, நசுக்கும் எந்திரத்தில் கொடுத்து இறுகப் பிடிக்க வைப்பதுதான் இவர் வேலை. கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று என் சித்தி கேட்டபோது, “ரப்பருக்குத் தொப்பி போடுற வேலை” என்று சொல்லி வைத்தேன். சித்தி இன்றைக்கும் இவரைத் தொப்பிக்காரர் என்றுதான் விசாரிப்பாள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஓடியாடித் திரிந்த பிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி விழுகிறான் என்று வாத்தியார் சொல்லி அனுப்பியபோது, “உங்க பெஞ்சை ஒழுங்கா போடுங்க” என்று நான் சண்டைக்குப் போனேன். அப்புறம்தான் தெரிந்தது, தசை கரைகிற நோய் என்று. முதலில் கால் போகும், பிறகு கை, கடைசியில் நெஞ்சும் மூச்சும் என்று டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொன்னபடியே ஒவ்வொன்றாகப் போனது. பாழாய்ப்போன இந்த விஷயத்தில் மட்டும் டாக்டர்கள் சொல்வது தப்புவதே இல்லை.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே அச்சகம். மேலே ஏற ஒரு இரும்புச் சுருள்படி உண்டு. ஒல்லியான ஆளே தோளைச் சாய்த்துக்கொண்டுதான் ஏற முடியும். தரைவீடு தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வீடு காட்ட வந்தவர்கள், இந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது என்பார்கள். பிள்ளை சின்னவனாக இருந்தவரை நான் இடுப்பில் வைத்து இறக்கினேன். பிறகு அவன் வளர்ந்துவிட்டான், என் இடுப்பும் போய்விட்டது. அச்சகத்து ஆட்கள் முன்னும் பின்னுமாக நின்று, நாற்காலியோடு தூக்கிச் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். ஒரு தடவை திரும்பும் இடத்தில் கை வழுக்கி, அவன் தோள்பட்டை இரும்பில் இடித்து விலகிவிட்டது. அன்றைக்கு வலியில் அழுதவன், மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“நாலு பேர் சேர்ந்து தூக்குறதெல்லாம் கடைசியில ஒரு தடவை போதும்மா. தினம் தினம் ரிகர்சல் எதுக்கு?”

வாயிலேயே ஒன்று போட்டேன். ஆனால் அதன் பிறகு அவன் கீழே போகச் சம்மதிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவைப் பார்க்கிற பிள்ளையைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இவர் அப்போதுதான் லிஃப்ட் செய்கிற வேலையில் இறங்கினார். பழைய இரும்புக் கிடங்கில், பாரம் தூக்கும் வண்டி ஒன்று உடைக்கக் கிடந்தது. வண்டியைச் செய்த கம்பெனியே எப்போதோ மூடியாகிவிட்டது. அதன் தூக்கும் பகுதியை மட்டும் கழற்றி வந்து, வீட்டின் பின்சுவரோடு நிறுத்தினார். நாற்காலி நிற்கிற அளவுக்கு ஒரு தட்டு, சுற்றிலும் கம்பி அடைப்பு, கரண்டில் ஓடும் பம்பு, பிள்ளையின் விரலுக்கு எட்டுகிற உயரத்தில் இரண்டு பொத்தான். விடுமுறை நாளெல்லாம் அதிலேயே கிடந்தார். எல்லாம் இவர் கையால் செய்தது. ஹோஸ் மட்டும் கம்பெனிக்காரன் போட்டது, வண்டியோடு வந்தது. அதை இவர் தொடவில்லை.

அந்த லிஃப்டில் பிள்ளை முதல் தடவை இறங்கிய நாளை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கீழே போய்ச் சேர்ந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏம்மா, கீழேருந்து பார்த்தா நீ ரொம்பக் குண்டா தெரியற” என்றான். கொழுப்பைப் பாருங்கள்!

எதிர்ச்சாரியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. அந்தக் கடைக்காரர் இவனைவிட நாலைந்து வயது மூத்தவர், ஓயாமல் பேசுகிற மனுஷன். பிள்ளைக்குக் கால்தான் போயிருந்தது, விரல் அப்போது நன்றாகவே வேலை செய்தது. சின்னச் சின்ன ஒயரைப் பற்றவைக்கப் பழகிக்கொண்டான். விரலும் தளர ஆரம்பித்த பிறகு, வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டுச் சொல்கிற வேலையைப் பிடித்துக்கொண்டான். “மேனேஜர் என்ன சொல்றார்னு கேளுங்க” என்று கடைக்காரர் ஆட்களை இவனிடம் தள்ளிவிடுவார். மேனேஜர் என்பதே பேராகிவிட்டது. காலையில் சட்டை மாட்டி, தலை வாரி, “மேனேஜர் ஆபீஸ் கிளம்பியாச்சு” என்று கத்திவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவான். சாயங்காலம் திரும்பி வரும்போது தெருக்கதை அத்தனையும் கொண்டு வருவான். யாருக்கு யாரோடு சண்டை, யார் போனில் யார் பேர் என்ன என்று எல்லாம் தெரியும். ஒரு தாய்க்கு அதற்குமேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

ஒருநாள் காலையில் தட்டின் மேல் ஒரு எண்ணெய்த் துளி கிடந்தது. நான் துடைத்துப் போட்டிருப்பேன். இவர் கண்ணில் பட்டுவிட்டது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து ஹோஸைப் பார்த்தார். ரப்பரில் வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு. போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டை மாட்டித் தயாராக இருந்த பிள்ளை, “என்னப்பா, ஆபீசுக்கு லீவா?” என்று கேட்டான்.

“ஹோஸ் போச்சுடா. மாத்தணும்.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொல்லன் வீட்டில் ஆணிக்குப் பஞ்சமா என்று நினைத்தேன். “அவ்வளவுதானே, கடையில செஞ்சு சாயங்காலம் கொண்டாந்து மாட்டிடுங்க” என்றேன். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். மறுநாளும் வெறுங்கை. கேட்டால், அது பழைய காலத்து மரை, இப்போது வருகிற எந்த ஃபிட்டிங்கோடும் சேராது என்றார். சரி, லேத்துக் கடையில் கொடுத்துக் கடைந்து வாங்குங்கள் என்றேன். கடைந்து வாங்கினார். அப்புறமும் ஹோஸ் வரவில்லை. ஆள் ஏறும் எந்திரத்துக்கு ஹோஸ் செய்கிற பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் எந்திரத்தின் வரைபடத்தைக் கேட்டார்கள். இல்லாத கம்பெனியின் வரைபடத்துக்கு எங்கே போவது?

எனக்கு வாய் நீளம். அது ஊரறிந்த விஷயம். ஒருநாள் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“நான் ஒண்ணு கேக்கறேன். ஊருக்கெல்லாம் செய்றீங்களே, அந்த மண்ணு தோண்டுற வண்டி என்ன கனம் தூக்குது?”

“அது தூக்கும், டன் கணக்குல.”

“உங்க பிள்ளை என்ன கனம்? எலும்பும் தோலுமா இருக்கான். இதுக்கு ஒரு ஹோஸ் செய்ய உங்களுக்கு என்ன கேடு?”

“அது மண்ணைத் தூக்குது. விழுந்தா மண்ணுதான் விழும்.”

“நீங்க செஞ்சது எதுவாவது விழுந்திருக்கா?”

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “இத்தனை வருஷமா என் மேசைக்கு வர்றது எல்லாம் பிஞ்சுபோன ஹோஸ்தான். நல்லா ஓடுற ஹோஸை எவனும் கொண்டாந்து காட்டறதில்ல. கம்பி தெறிச்சது, ஃபிட்டிங் பிடுங்கினது, ஊசி முனை அளவு ஓட்டையில எண்ணெய் பீய்ச்சி ஒருத்தன் கைக்குள்ளயே ஏறினது, அத்தனையும் பார்த்தாச்சு. கண்ண மூடினா அதுதான் வருது. அவன் மேல நிக்கும்போது பிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?”

எனக்கும் பயம் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. முதலாளியைக் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். “உன் வீட்டு விஷயம்பா, செஞ்சுக்கோ. ஆனா கடை பேரு அதுல வரக்கூடாது” என்றாராம். நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு இவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. முதலாளிக்கே என் கைமேல் நம்பிக்கை இல்லை பார் என்றார்.

பிள்ளை உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். “அப்பா, நீ செஞ்சதுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன்” என்று குரல் கொடுத்தான். அதைக் கேட்டு இவருக்குத் தெம்பு வரும் என்று பார்த்தால், முகம் இன்னும் செத்துப்போனது.

ஆனாலும் செய்தார். கடை மூடுகிற நேரத்தில் உட்கார்ந்து செய்து, தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் வேலைக்குப் போகாமல் அதை லிஃப்டில் பூட்டி, அச்சகத்துக் காகிதக் கட்டுகளைத் தட்டில் அடுக்கினார். பிள்ளையும் நாற்காலியும் சேர்ந்தால் என்ன கனமோ அதைப்போலப் பல மடங்கு. ஏற்றினார், இறக்கினார். மேலே ஏற்றி, பகல் முழுவதும் அப்படியே நிற்க விட்டார். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். அச்சகத்து ஆட்கள், “என்ன சார், கட்டு கீழ வருமா, நாங்க வேலையைப் பார்க்கவா?” என்று கேலி செய்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தட்டு ஒரு விரல் அளவுகூடக் கீழே இறங்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கட்டுகளை இறக்கியாயிற்று. நான் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, மாடியின் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். செல்போன் கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கீழே வந்து நின்று, “மேனேஜர் வராம ஆபீஸ் நாறிப்போச்சு, சீக்கிரம் வாங்க” என்று கூப்பிட்டார். பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இவர் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று ஹோஸின் முனையைத் துடைத்துப் பார்த்தார். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

“கோடு போடலை” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார். ஃபிட்டிங்கிற்குள் ஹோஸ் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று, செருகுவதற்கு முன்பே ரப்பரில் ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டுமாம். நசுக்கிய பிறகு அந்தக் கோடு ஃபிட்டிங்கின் விளிம்பை ஒட்டி நின்றால் சரி. தள்ளி நின்றால் முழுதாக உள்ளே போகவில்லை, என்றைக்காவது ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். கோடே இல்லையென்றால் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கடையில் புதிதாக வருகிற ஆளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அந்தக் கோட்டைத்தானாம். எந்த வண்டிக்கும் இவர் அதை மறந்ததில்லை. பெற்ற பிள்ளையின் ஹோஸுக்கு மறந்திருக்கிறார்.

“சரியாத்தான் செருகியிருப்பேன். செருகியிருப்பேன்னு நினைக்கிறேன்.” தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஹோஸைக் கழற்றினார். நான் “ஐயோ வேண்டாங்க” என்று ஓடி வருவதற்குள், இரும்பு ரம்பத்தை எடுத்து எங்கள் கண் முன்னாலேயே அதை இரண்டாக அறுத்துப் போட்டார்.

பிள்ளைதான், “அதுக்கென்னப்பா, நாளைக்கு இன்னொண்ணு செய்” என்றான்.

“என் கை சரியில்லடா. நடுங்குது.” இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். நடுங்கத்தான் செய்தது.

அப்புறம் இவர் அந்தப் பக்கமே போகவில்லை. நான் பேசாத பேச்சில்லை. கோழை என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டே கோழை என்றேன், சட்டியைக் கழுவிக்கொண்டே கோழை என்றேன். கடையில் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள் என்றேன். “என்னைவிட எவன் நல்லா செய்வான்?” என்று திருப்பிக் கேட்டார். அதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், வரைபடம் இல்லாமலே செய்து, சோதித்து, சான்றிதழோடு அனுப்புகிறோம் என்று தூரத்தில் ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. அளவெடுத்து அனுப்பினார். வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தோம்.

பிள்ளை சும்மா இருக்கிறவனா? ஜன்னலிலிருந்து ஒரு கயிற்றில் பிளாஸ்டிக் கூடையைக் கட்டித் தொங்கவிடச் சொன்னான். செல்போன் கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து போன்களைக் கூடையில் போடுவார், நான் இழுப்பேன், இவன் பார்த்துச் சொல்வான், மறுபடி இறக்குவேன். “மேனேஜர் ஆபீஸ் மாடிக்கு மாறியாச்சு, அம்மாதான் பியூன்” என்பான். பியூன் உத்தியோகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அவன் விரல் போனைப் பிடிக்க மறுத்தது. கூடை வெறுமனே தொங்கியது. கடைக்காரர் தினமும் கீழே நின்று அண்ணாந்து பேசிவிட்டுப் போவார். பிள்ளைக்குக் குரலை உயர்த்தினால் மூச்சு வாங்கும். அதனால் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான்.

ஒரு மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஒண்ணு கேக்கவா?”

“கேளுடா.”

“ஹோஸ் பிஞ்சு நான் விழுந்தா என்ன ஆகும்?”

“ஏன்டா இப்படியெல்லாம் கேக்கற?”

“சொல்லுப்பா.”

“செத்துப்போவடா.”

“இங்கயே உட்கார்ந்திருந்தா?”

இவர் காலைப் பிடிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு மடித்த துணி கையிலேயே இருந்தது. பிள்ளை கோபமாகக் கேட்கவில்லை. போன் கொண்டுவருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்பானே, அந்தக் குரலில்தான் கேட்டான்.

“கம்பெனி ஹோஸ் வந்துடும்டா. இந்த வாரம் வந்துடும்” என்றார் இவர்.

“சரிப்பா” என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு லிஃப்டைப் பற்றி அவன் பேசவே இல்லை. என்னைக் கேட்டால், அவன் அன்றைக்கே எங்களை மன்னித்துவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பெனி ஹோஸ் வந்தபாடில்லை. மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அவனுக்குச் சளி கட்டியது. மற்ற பிள்ளைகளுக்குச் சளி என்றால் மூக்கு ஒழுகும், போய்விடும். இவனுக்கு இருமித் துப்பவே நெஞ்சில் பலமில்லை. டாக்டர் படியேறி வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று கேட்டேன். கொண்டுபோகிற வழியிலேயே ஆகிவிடலாம், இங்கே இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்றார். ஆக்சிஜன் வைத்தார்கள். பிள்ளை கண்ணை உருட்டி ஜன்னலைப் பார்த்தான். நாற்காலியை அங்கே திருப்பி வைத்தோம். மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு காலையில், தெருவில் கடைகள் திறந்துகொண்டிருந்த நேரத்தில், என் கை அவன் நெஞ்சின் மேல் இருக்கும்போதே அது நின்றுபோனது.

நான் போட்ட கூச்சலில் அச்சகமே மேலே ஏறி வந்துவிட்டது. செல்போன் கடைக்காரர் வாசலிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். யார் யாரோ வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துதான் பெரியவர் ஒருவர், எப்படி இறக்குவது என்று மெல்ல ஆரம்பித்தார். சுருள்படியில் படுக்க வைத்துக் கொண்டுபோக முடியாது. போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஒருவர். நாற்காலியோடு கயிறு போட்டுக் கட்டிச் செங்குத்தாக இறக்கலாம் என்றார் இன்னொருவர். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வழி பார்க்கிறார்கள். ஆனால் என் பிள்ளையைப் பற்றி அலமாரியை இறக்குவது மாதிரிப் பேசுகிறார்களே என்று எனக்கு ஈரக்குலை வெந்தது. இவரைத் தேடினேன். ஆளைக் காணோம். செருப்பும் இல்லை, சைக்கிளும் இல்லை.

“ஓடிட்டாரு பார். இதுக்கும் பயந்து ஓடிட்டாரு” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

இவர் கடைக்குப் போயிருக்கிறார். முதலாளி பின்னால் எனக்குச் சொன்னது இது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். லேத்தில் கடைந்து மிச்சம் வைத்திருந்த ஃபிட்டிங்குகளை மேசைக்குள்ளிருந்து எடுத்தாராம். ஹோஸை அளந்து வெட்டி, உள்ளே காற்றடித்துச் சுத்தம் செய்து, இரண்டு முனையிலும் கோடு போட்டு, செருகி, நசுக்கி எடுத்தாராம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையாம். “கை இரும்பு மாதிரி நின்னுச்சும்மா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், ஒரு நடுக்கமில்ல” என்றார் முதலாளி. என்ன விஷயம் என்று அவர் கேட்டதற்குத்தான், “பையன் கீழ வரணும்” என்றாராம்.

ஹோஸைத் தோளில் மாட்டிக்கொண்டு இவர் வந்தபோது பின்னாலேயே முதலாளியும் வந்தார். இவர் நேரே பின்பக்கம் போய் ஹோஸைப் பூட்டினார். சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து மாட்டினார். இத்தனை நாளும் எந்தச் சட்டையை மாற்றினாலும் அதையும் மாற்றி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. காகிதக் கட்டு எதையும் ஏற்றிப் பார்க்காமல், வெறும் தட்டை மேலே ஏற்றி நிறுத்தினார். மேலே வந்து பிள்ளைக்கு முகம் துடைத்து, சட்டை மாற்றி, தலை வாரினார். வகிடு எடுக்க வரவில்லை, நான் வாங்கி எடுத்துவிட்டேன். நாற்காலியிலேயே சாய்த்து உட்கார வைத்து, பட்டையை மாட்டி, தட்டின் மேல் தள்ளிக்கொண்டு போனார். தானும் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டார்.

“நீ ஏறாதப்பா, இன்னும் டெஸ்ட் பண்ணலை, நீ படியில வா” என்று கீழேயிருந்து முதலாளி பதறினார்.

இவர் காதிலேயே வாங்கவில்லை. ஒரு கையால் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். தட்டு அலுங்காமல் குலுங்காமல் இறங்கியது. நான் சுருள்படியில் விழுந்தடித்து ஓடி வந்தபோது அது தரையைத் தொட்டுவிட்டிருந்தது. நாற்காலியை வெளியே தள்ளி, பின்சந்து வழியாகத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கொண்டுபோகிற வண்டி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. தெருவே வந்து சுற்றி நின்றது.

இவரை மட்டும் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அச்சகத்து வெள்ளைத் தாள் ஒன்று. அதை ஹோஸின் கீழ்முனையில் ஒற்றி எடுத்துப் பார்த்தார். எழுந்து, எட்டி, மேல்முனையில் ஒற்றி எடுத்துப் பார்த்தார். மறுபடி கீழ்முனை. தாளைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். என்னைப் பார்த்ததும் நீட்டினார்.

“பாரு. ஒரு சொட்டு இல்ல.”

முதலாளி வந்து தோளைத் தொட்டார். அவரிடமும் தாளைக் காட்டினார். “ஒழுகலை சார். பாருங்க, கோடு நேரா இருக்கு. ஒரு சொட்டுகூட இல்ல.” என்னைத் தேடி அழுதுகொண்டே வந்த செல்போன் கடைக்காரரிடமும் அதையே காட்டினார். யாரோ மறுத்துப் பேசியது மாதிரி, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் அந்த வெறும் தாளைப் பிடித்தார். பிறகு மறுபடி என்னிடம் வந்தார். உதடு கோணிக்கொண்டு போனது.

“அன்னைக்கே தாங்கியிருக்கும்டி. தாங்கியிருக்கும்.”

இந்த மனுஷனைத்தான் இத்தனை நாளும் கோழை கோழை என்று கரித்துக்கொட்டியிருக்கிறேன். தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் கையைப் பிடித்தேன். இப்போது மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது.

“வாங்க போகலாம்” என்றேன். “பிள்ளை வெயில்ல உட்கார்ந்திருக்கான்.”